ஊசுட்டேரியில் எட்டாவது ஞாயிறு

எண்பத்திரண்டாம் வருடம், தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை.

முத்தியால்பேட்டையில் விடியல் பூசை முடியும் முன்பே என் மனம் ஊசுட்டேரிக்குப் போய்விட்டது. புதிதாகப் போகிற இடமில்லை. இதற்கு முன் ஏழு ஞாயிறு தூண்டிலோடு போயிருக்கிறேன். ஏழு தடவையும் வெறுங்கையோடு திரும்பினேன். இந்த எட்டாவது தடவை அப்படித் திரும்ப முடியாது. என் மனைவி தெரேசின் அண்ணன் அந்துவான் மச்சான் செவ்வாய்க்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறார். அதற்குள் நான் என் கையால் பிடித்த ஏரி மீன் அவர் தட்டில் விழ வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்று மில்லுக்குப் போனவனுக்கு, அதுவும் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவனுக்கு, தங்கையைக் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை. கடிதம் எழுதித் தடுத்துப் பார்த்தார். கல்யாணம் நடந்து ஆறு வருடம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாங்க என்பார், சாப்பிட்டீங்களா என்பார், அதோடு சரி; மாப்ள என்று மட்டும் வாயில் வராது.

வந்த முதல் வாரம், பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரத்தைச் சாப்பிட்டுவிட்டு, கடல் மீன் நம்ம ஊருதான், ஆனால் ஏரி மீன் என்றால் அங்கே கிடைக்கும் தான்ஷுக்கு ஈடு இல்லை என்றார். பாசி மண்டிய குளத்தில் இருக்குமாம். கெண்டை ஜாதி, பச்சை நிறம், வழவழப்பு, சிவந்த கண். எனக்கு என்ன வந்ததோ, நம்ம ஊசுட்டேரிக் கெண்டையை நானே பிடித்து வந்து போடுகிறேன், சாப்பிட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்று வீட்டார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மில்லில் என்னோடு வேலை செய்கிறவர் மீன் பிடித்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர, அதுவரை நான் தூண்டிலைத் தொட்டதில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் மாமியார் பையைத் தடவிப் பார்ப்பார். "பை கூட நனையலியே" என்பார்.

காலை 6.40. பத்துக்கண்ணு போகும் பஸ். நபருக்கு எண்பது காசு. இந்தத் தடவை மச்சானும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. பிரான்சிலிருந்து கொண்டுவந்த இரண்டு தூண்டில் முள்ளைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு அவராகவே கிளம்பிவிட்டார். தோற்பது ஒன்று, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தோற்பது வேறு. நெல்லித்தோப்பு தாண்டி ரெட்டியார்பாளையம் வருவதற்குள் பையைத் திறந்து ரொட்டி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூங்கில் கழி பஸ்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது வேறு பயம். கண்டக்டர் அதைப் பார்த்து, "கொடி கட்டலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூலக்குளம் தாண்டினால் வயல். டவுனிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும், ஏரிக்கரையில் இறங்கினோம்.

காலை 7.20. இந்த ஏரியைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? கரையில் நின்றால் எதிர்க்கரை பனைமரம் விரல் நீளம்தான் தெரியும். நடுவில் திட்டுத் திட்டாக அல்லி. அதைச் சுற்றி வேலம்பாசி, தண்ணீருக்கு அடியில் பச்சைக் கம்பளி விரித்த மாதிரி. அதன் மேல் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கருப்பு நாமக்கோழிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்கும். கரையில் ஒரு டீக்கடை. தூண்டில் போடலாமா என்று ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருந்தேன். நாலாவது தடவை கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

நான் எப்போதும் உட்காருவது மதகுப் பக்கம். பாசி இல்லை, பாம்பு பயம் இல்லை, ஆழம் கண்ணுக்குத் தெரியும். மச்சான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே மீன் எதற்கு வரப்போகிறது என்றார். அங்கே தான்ஷ் பிடிக்கிறவர்கள் முதலில் பல் வைத்த இரும்பு வாரி போட்டுப் பாசியை இழுத்து, அடிச்சேற்றைக் கலக்கி விடுவார்களாம். சேறு கலங்கினால் புழு பூச்சி மேலே வரும், அதைத் தின்ன மீன் வரும். வாரிக்கு எங்கே போவது? கரையோடு ஒரு பர்லாங் நடந்தோம். அங்கே ஒரு அம்மா ஏழு எருமைகளைத் தண்ணீரில் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். பேர் பாக்கியம் என்று பின்னால் தெரிந்தது. எருமை இறங்கினால் மீன் ஓடிவிடும் என்று ஏழு ஞாயிறும் நான் ஒதுங்கிப் போன இடம் அது.

மச்சான் நின்றுவிட்டார். எருமைகள் கரையேறிய இடத்தில் தண்ணீர் காபி நிறத்தில் கலங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. முதலில் ஒரு இடத்தில், பிறகு நாலு இடத்தில்.

"வொலா, இதோ பாருங்க," என்றார் மச்சான். "வாரி கிடைச்சாச்சு. இங்க போடுங்க."

காலை 8.30. காலையில் சுட்ட நீள ரொட்டியின் உள்பக்கத்தைப் பிய்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, முள்ளில் உருண்டையாக வைத்துக் கொடுத்தார். போட்டேன். தக்கை நட்டுக்கொண்டு நின்றது. இரண்டு நிமிடத்தில் கை அரித்தது. இரை இருக்கிறதா கரைந்ததா என்று எப்படித் தெரியும்? தூக்கிப் பார்த்தேன், இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடி தூக்கினேன். மச்சான் அடுத்த உருண்டைக்கு ரொட்டி பிசைந்துகொண்டிருந்தார். பொறுக்காமல் கேட்டவர் பாக்கியம்.

"ஏன் சாரு, மீனுக்கு ஊட்டி வுடப் போறியா? அடிக்கொரு தரம் எடுத்து எடுத்துப் பாக்குற."

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். இன்னொரு முறை தூக்கினேன். முள் பாசியில் மாட்டிக்கொண்டது. அதற்கு முன்பே ஒரு முள் அல்லித் தண்டில் அறுந்து போயிருந்தது. இருப்பது இது ஒன்றுதான். இழுக்க இழுக்கக் கழி வளைந்தது, பாசி அசையவில்லை.

"வுட்டுடுங்க," என்றார் மச்சான். "இழுத்தா தங்கூசி நரம்பு அறுந்துடும். கழிய ஊனி வெச்சிட்டு ஒக்காருங்க. நான் போய் டீ சொல்லி, பாசி அறுக்க ஒரு அருவாளும் கேட்டுட்டு வரேன்."

கழியைச் சேற்றில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தேன். கையில் வேலை இல்லை. தூக்கிப் பார்க்க நினைத்தாலும் தூக்க முடியாது. எட்டு ஞாயிற்றில் முதல் முறையாக என் இரை போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது.

காலை 9.15. தக்கை ஒரு பக்கமாகப் படுத்தது. தான்ஷ் கடித்தால் அப்படித்தான், மீன் இரையை அடியிலிருந்து தூக்குகிறது என்று அர்த்தம் என்று மச்சான் பஸ்ஸில் சொல்லியிருந்தார். காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். காற்றே இல்லை. தக்கை மெதுவாக நகர்ந்து, முழுகி, காணாமல் போனது. எழுந்து நிற்பதற்குள் மீன் மாட்டியிருந்த பாசியையும் வேரோடு இழுக்க, கழி சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்து, அல்லித் திட்டைப் பார்க்கப் போனது. முப்பதடி தூரத்தில் கொடியில் மாட்டி நின்று, துடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கரையில் நின்று கையைப் பிசைந்தேன். மச்சானைக் காணோம். கழி இன்னொரு முறை அசைந்தது. கொடி அறுந்தால் கழியும் போச்சு, மீனும் போச்சு, செவ்வாய்க்கிழமையும் வந்துவிடும்.

பாக்கியம் ஒரு பெரிய எருமையை மறுபடி தண்ணீரில் இறக்கினார். "வாலப் புடிச்சிக்கினு போ சாரு. அது உன்னிய வுடாது. நீதான் அத வுட்டுடாத."

பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. முழங்கால், இடுப்பு, மார்பு. பாசி காலைச் சுற்றியது. பாம்பு என்று நினைத்தேன், வாலை விடவில்லை. எருமை அல்லியைப் பிளந்துகொண்டு தேர் மாதிரி போனது. கழி கைக்கு எட்டியது. மறுமுனையில் ஒரு கனம், உயிருள்ள கனம், என் தோள்பட்டை வரை இழுத்தது. கரையிலிருந்து பாக்கியம் ஒரு சத்தம் கொடுத்தார். எருமை திரும்பியது.

மச்சான் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு, அக்குளில் அரிவாளோடு கரைக்கு வந்தபோது, ஒரு கையில் எருமை வால், ஒரு கையில் மூங்கில் கழி, தலையில் பாசியோடு நான் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு வண்டி அளவுக்குப் பாசி. பாசிக்குள் ரோகுக் கெண்டை. மச்சான் கிளாஸ்களைத் தரையில் வைத்துவிட்டு, காலில் போட்டிருந்த சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கி, செவுளில் விரலை விட்டுத் தூக்கினார். செதில் ஒவ்வொன்றும் வெயிலில் புதுக் காசு மாதிரி மின்னியது. டீக்கடைத் தராசில் மூன்றே கால் கிலோ.

பாக்கியத்துக்குப் பாதி வெட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். மிச்சமிருந்த ரொட்டியைக் காட்டினார்.

"அதக் குடு, எருமைக்குப் போடுறேன். மீனப் புடிச்சது அதுதானே."

காலை 10.30. திரும்பும் பஸ். ஈரப் பாசியில் சுற்றிய மீன் என் மடியில். பையில் அடங்காமல் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதை மறைக்கவில்லை. எங்கே பிடித்தது, என்ன இரை என்று முன் சீட்டுக்காரர் கேட்டார், பின் சீட்டுக்காரர் கேட்டார். மூலக்குளத்தில் ஏறினவர்களுக்கு முன் சீட்டுக்காரரே சொல்லிவிட்டார். நெல்லித்தோப்பு வந்ததே தெரியவில்லை.

மதியம் ஒரு மணி. தெரேஸ் குழம்பு வைத்தாள். புளி கொதிக்கிற வாசனை தெருமுனை வரை போனது. எருமைக் கதையைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வீண். உட்கார்ந்ததுமே மச்சான் அதை வாலில் ஆரம்பித்துப் பாசி வரை நடித்துக் காட்டிவிட்டார். மாமியார் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். மச்சான் மூன்றாவது தடவை சோறு வாங்கினார். தான்ஷைப் பிடித்தால் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விட்டு வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சேற்று வாடை போகாதாம்.

"இங்க அந்தக் கஷ்டமே இல்ல," என்றார். "புளி இருக்கிற ஊர்ல சேத்துக்கு என்ன பயம்?"

தெரேஸ் மீன் தலையை அண்ணன் தட்டில் வைத்திருந்தாள். விருந்தாளிக்கு வைப்பதுதான் முறை. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி என் தட்டில் வைத்தார்.

"புடிச்சவருக்குத்தான் தலை. சாப்பிடுங்க மாப்ள."

முள் தொண்டையில் சிக்கிவிடும் என்று எப்போதும் நடுத்துண்டு மட்டும் கேட்டு வாங்கித் தின்கிறவன் நான். அன்றைக்குக் கண், கன்னம், செவுள் என்று ஒன்று விடாமல் உறிஞ்சித் தின்றேன். ஒரு முள்ளும் குத்தவில்லை.