ஹெட்போனில் கேட்ட குரல்

என் வீட்டுக்காரருக்கு என் குரல் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை அச்சில் வைத்தால் மிஷின் மேலிருந்து இறங்கி அடிக்கும், வண்டிக்கு வேண்டிய பாகம் வந்து விழும். கல்யாணம் ஆன புதிதில் ஒரு ஆயுத பூஜைக்கு எங்களையெல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். அன்றைக்கு மிஷின்கள் ஓடவில்லை. சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மாலையோடு அமைதியாக நின்றன. அதனால் அவை போடும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. நானும் அதே பேட்டையில்தான் வேலை செய்கிறேன், ஆனால் வேறு பக்கம். வண்டிக்குள் போகிற ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றிக் கட்டுகிற கம்பெனி. எங்கள் ஷெட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும்.

வீடு புதுவாயல் ஜங்ஷனிலிருந்து உள்ளே நடக்கிற தூரத்தில், வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. நான் கேட்பதற்கு அவர் பதில் சொல்லாமல் விட ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சாம்பாருக்கு என்ன காய் வாங்குவது என்று கேட்பேன், பேசாமல் இருப்பார். பொண்ணுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டும் என்பேன், "ம்" என்பார். அடுத்த நாள் அப்படி ஒரு பேச்சே நடக்காதது மாதிரி இருப்பார். ஆனால் ஜங்ஷன் டீக்கடையில் கூட வேலை செய்கிறவர்களோடு நின்று அவர் சிரித்துப் பேசுவதை நான் பஸ்ஸிலிருந்தே பார்ப்பேன். அங்கே வாய் இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் இல்லை. வேறு என்ன நினைப்பது?

கோபத்தில் என் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் திரும்பிப் பார்ப்பது கத்தினால் மட்டும்தான். சுவர் பொதுச் சுவர். பக்கத்து வீட்டு அக்கா ஆந்திர எல்லையில் தடா பக்கத்திலிருந்து வந்தவர், எங்கள் வீட்டுக்காரரைத் தெலுங்கு வழக்கில் நைனா என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நைனா, தெனமும் அவளை இப்டி கத்த வெக்கிறியே. இன்னா கொற வெச்சா அவ உனுக்கு?"

அவர் செருப்பு மாட்டிக்கொண்டே சிரித்த முகமாக, "இப்பதான் சாப்ட்டேன்க்கா" என்றார்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் போய்விட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு அவமானமாக இருந்தது.

நாங்கள் ஜெபத்துக்குப் போகிற சபையிலும் அவர் மாறியிருந்தார். முன்பெல்லாம் பாட்டு எடுத்துக் கொடுப்பதே அவர்தான். கொஞ்ச காலமாகச் சுருதி விலகிப் போவதாக யாரோ சொன்னார்கள் போல. அதற்குப்பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். வாய் திறப்பதில்லை. எங்கள் மேல் மட்டும்தான் என்று நினைத்தேன், ஜெபத்தின் மேலும் மனசு விட்டுப்போச்சு போல என்று வருத்தப்பட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜங்ஷன் மொபைல் கடையில் எனக்கு ஒரு ஒயர் ஹெட்போன் வாங்கிக்கொண்டேன். முதலில் கம்பெனி பஸ்ஸில் பாட்டுக் கேட்பதற்கு. பிறகு வீட்டில் சமைக்கும்போதும் போட்டுக்கொண்டேன். அவர் நான் சொல்வதைக் கேட்க மாட்டார் என்றால் நானும் எதற்காகக் காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வீம்பு. பாட்டு ஓடும், கை தன்பாட்டுக்குக் காய் நறுக்கும். கத்துவது குறைந்தது. வீடு அமைதியானது என்று பக்கத்து வீட்டு அக்கா சந்தோஷப்பட்டார்.

பொண்ணு பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். அவளிடம் காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று இருந்தது. அவர் மொபைலில் வீடியோ பார்த்தால் தெருவுக்கே கேட்கும். அவள்தான் ஒருநாள் அதை அவர் தலையில் மாட்டிவிட்டாள். அதிலிருந்து முதல் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆக, அவர் காதிலும் ஒன்று, என் காதிலும் ஒன்று.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து கம்பெனி பஸ் ஹைவேயில் வந்துகொண்டிருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்ததால் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. பொண்ணு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நேரமாகும் என்று அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவருக்கு நான் போன் செய்வதே இல்லை, எடுத்தால் "ஆங், ஆங்" என்று சொல்லி வைத்துவிடுவார். மனசில்லாமல்தான் போட்டேன்.

"இன்னா மே, எங்க கீற?" என்றார்.

"பஸ்ஸு நின்னுக்கினு கீதுங்க. கண்டெய்னர் ஒண்ணு கவுந்து கெடக்குது. லேட்டாவும்."

"கவுந்துட்ச்சா? டிரைவருக்கு ஒண்ணுமில்லியே?"

"இல்ல, எறங்கி நிக்கிறாரு. போலீசு வந்துட்டாங்க."

"மழ வேற பெய்து. கொட எத்துக்கினு போனியா நீ?"

அவருக்குத்தான் போட்டேனா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் தூங்கிக்கொண்டிருந்ததால் நான் மெதுவாகத்தான் பேசினேன், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். திரும்பிக் கேள்வியும் கேட்டார்.

"லைன்ல கீறியா?" என்றார்.

"கீறேன்" என்றேன்.

அதற்குப்பிறகு எதை எதையோ பேசினோம். எங்கள் லைனுக்கு வந்த புது சூப்பர்வைசர் டேப் சுற்றத் தெரியாமல் தன் விரலையே சேர்த்துச் சுற்றிக்கொண்டதைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய கேன்டீனில் புதிதாக வந்த மாஸ்டர் நாஷ்டாவுக்குப் போடுகிற பொங்கலை யாரும் தொடுவதில்லை என்றார். பஸ் நகர்ந்தது, ஜங்ஷன் வந்தது, இறங்கினேன். தூறலில் நடந்துகொண்டே பேசினேன். வைத்துவிட்டால் இது போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் பொண்ணுடைய பெரிய ஹெட்போன். கையை ஆட்டி ஆட்டி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் நான் இருப்பது மாதிரி.

நான் போனை இறக்கிக் கையால் பொத்திக்கொண்டேன்.

"ஹலோ... ஹலோ... இன்னா, லைன் போச்சா?" என்று ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மொபைலைப் பார்த்தார்.

"இங்கதான் கீறேன்" என்றேன், பஸ்ஸில் பேசியதைவிடச் சத்தமாகவே.

அவர் திரும்பவில்லை. மொபைலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது.

செருப்போடு உள்ளே போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈரப் புடவையோடு நான் திடீரென்று எதிரில் இருப்பதைப் பார்த்து அவர் திடுக்கிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினேன். போனை வாயருகே வைத்து, "எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டேன்.

"தெரில மே. நேர்ல நீ பேசுறது கேக்குது. இன்னா பேசுறன்னுதான் தெரில. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாரி கீது. இத்துல சவுண்ட ஃபுல்லா வெச்சாதான் தெளிவா கேக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா டாக்டராண்ட போலாம்னுவ. டாக்டரு எழுதிக் குடுத்துட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும். காது கேக்காதவன எவன் மிஷினாண்ட நிக்க வெப்பான்? பொண்ணு படிப்ப முடிக்கட்டும்னு பாத்தேன்."

"இயர் பிளக் குடுப்பாங்களே, போடலியா?"

"வேர்வைல வழுக்கிக்கினு வுழுந்துரும். எல்லாரும் கயட்டிதான் வெச்சிருப்போம்."

அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே போனில் பேசிக்கொண்டோம். நான் அடுப்படியில், அவர் கூடத்தில். பொண்ணு நடுவில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "லவ் பண்றவங்க மாரி கீறீங்க" என்றாள். அவளுடைய ஹெட்போன் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அப்படிப் பேசிப் பேசித்தான் டாக்டரிடம் போக அவரைச் சம்மதிக்க வைத்தேன். நேரில் கேட்டிருந்தால் ஒருபோதும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மொத்தமாகப் போய்விடுமோ என்கிற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

காது டெஸ்ட் எடுக்கிற இடம் கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே அவரை உட்கார வைத்து ஒரு ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று அவருடைய கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினார், அழுத்தினார். பிறகு ரொம்ப நேரம் அழுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நெற்றி சுருங்க, எங்கேயோ தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்க முயற்சி செய்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளே போய் அந்த பட்டனை அழுத்திவிடலாம் போல இருந்தது.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து ஒரு பேப்பரைக் காட்டினார். இடது பக்கம் மேலே ஓடிய கோடு வலது பக்கம் போகப் போகக் கீழே சரிந்திருந்தது.

"சத்தத்துல வேலை செய்றவங்களுக்கு இப்படித்தான் ஆகும். கனமான சத்தமெல்லாம் இந்தப் பக்கம், அது நல்லாவே இருக்கு. ஆம்பளைங்க பேச்சு ஓரளவுக்குக் கேட்கும். மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். குருவி, குக்கர் விசில், குழந்தைங்க, அப்புறம் உங்களை மாதிரி பொம்பளைங்க பேச்சு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல நீங்க சொல்றதை மட்டும் காதுல வாங்க மாட்றார்னு சண்டை போட்டிருப்பீங்களே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா அவருடைய காதுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. போனது திரும்பாது, ஆனா சத்தத்தை விட்டு விலகிட்டா இதோட நிக்கும். காது மிஷின் வெச்சா நல்லா கேட்கும்."

தலையை ஆட்டினேன். டீக்கடையில் அவர் சிரித்தது, வீட்டில் பேசாமல் இருந்தது, எல்லாம் அந்தச் சரிந்த கோட்டில் இருந்தது. அவருக்கு என்னைப் பிடிக்காமல் போகவில்லை. நான் அவருக்குக் கேட்காமல் போயிருந்தேன், அவ்வளவுதான். மார்பில் எவ்வளவு காலமாகவோ ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. வெளியே வந்து ஆளுக்கொரு கரும்பு ஜூஸ் குடித்தோம். அவருக்குப் பயம் விடவில்லை, எனக்கு அப்போதே பாதி விட்டுவிட்டது.

கம்பெனியில் அவரே போய்ப் பேப்பரைக் கொடுத்தார். அன்றைக்கு நான் கட்டிய ஒயரில் தப்பு வந்து இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"டெஸ்பேட்ச்ல போட்டுட்டாங்க மே. வண்டில சரக்கு ஏத்தறத பாக்கணும், அவ்ளோதான். மேனேஜரு இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னான்னு கேட்டாரு. நான் பயந்துக்கினு கெடந்ததுதான் பேஜாரு."

"ஒண்ணும் சொல்லலியா வேற?"

"மத்தவங்களுக்கும் டெஸ்ட் வெக்கணும்னு சொல்லிக்கினு கீறாரு. நீ சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை. அதற்கப்புறம் சாப்பிட்டேன், பக்கத்தில் இருந்தவளின் டிபன் பாக்ஸிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டேன்.

காது மிஷின் வந்த அன்று அவர் தெருமுனை வரைக்கும் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். "என் செருப்பு இவ்ளோ சத்தம் போடுதா?" என்று கேட்டார். பைப்பில் தண்ணீர் விழுவது, பேப்பர் மடிக்கிறது, பொண்ணு கொலுசு, ஒவ்வொன்றாக வந்து அவரைத் தொந்தரவு செய்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். பாட்டு மட்டும் எங்கள் வீட்டுக்காரருக்கு முன்னே மாதிரி வரவில்லை. மிஷின் வழியாக வருகிற சுருதியை நம்ப முடியவில்லை என்கிறார். சபையில் இன்னமும் பின்வரிசைதான், ஆனால் பிரசங்கம் முடிந்து எல்லோரோடும் நின்று பேசிவிட்டுத்தான் வருகிறார்.

போன மாதம் ஆர்.கே.பேட்டையில் என் தங்கச்சி புது வீடு கட்டிக் குடிபோனாள். ஆண்கள் எல்லோரும் பந்தலுக்குக் கீழே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். காய் நறுக்குகிற பெண்களுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சித்தி தன் முழங்கால் வலியை ஆதியோடு அந்தமாகச் சொல்ல, அவர் கத்திரிக்காயின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அப்பறம் அந்த டாக்டரு இன்னா சொன்னாரு சித்தி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி என்னைப் பார்த்து, "உன் ஊட்டுக்காரரு இவ்ளோ நல்லா பேசுவாருன்னு இத்தினி வருசமா எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல வெயில். அவர் காது மிஷினைக் கழற்றி அதற்கான டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார். "உன் சித்தி ரொம்ப பேசிட்டாங்க. கொஞ்சம் தூங்குறேன்" என்று சொல்லி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். டப்பாவை நான் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். ஊர் வந்ததும் எழுப்பிக்கொள்ளலாம்.