டச்சுச் சொல்லுக்கு அப்பா அலகிட்டது

டச்சு மொழியில் கூட்டுச்சொல் எவ்வளவு நீண்டாலும் தலையாய அழுத்தம் பெரும்பாலும் அதன் முதற்சொல்லின் மேல்தான் விழும். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மனுரேவாவில் எங்கள் வீட்டில் இந்த விதி அமுலில் இருக்கவில்லை.

எங்களோடு தங்கி, பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்த மாமா, பக்கத்து வீட்டு டச்சுக்காரரின் மகளைக் கல்யாணம் செய்ய விரும்பினார். அவளுக்குச் சம்மதம். தகப்பன் சம்மதிக்க வேண்டும். புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்துகொண்டிருந்த அவர், தன் நாட்டில் ஆயுள் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர். 'ஆயுள் காப்புறுதி நிறுவனம்' என்பதற்கான நீண்ட டச்சுச் சொல்லை அவருடைய பிறந்தநாளில் சொல்லி மனத்தைக் கரைப்பது மாமாவின் திட்டம்.

மகள் அதை அசை அசையாகச் சொல்லிக்கொடுத்தாள். மெல்லச் சமமாக உடைத்ததில் அழுத்தம் காணாமல் போயிற்று. மீதியை அப்பா கெடுத்தார். பண்டிதர் பரீட்சைக்குப் படித்தவர் எதையும் அசை, சீர் பிரித்து அலகிடாமல் விடமாட்டார்.

"லேவன்ஸ், தேமா. வெர்சே, தேமா. கெரிங்ஸ்மாட், புளிமா. ஸ்காப்பை, தேமா. மச்சான், நாலு சீர், இது அளவடியடா."

"இவன் பொம்பிளை கேக்கப் போறானோ, தேவாரம் படிக்கப் போறானோ?" என்றார் அம்மா.

தாளம் போடுவது என் பொறுப்பு.

பிறந்தநாளன்று டச்சு வழக்கப்படி கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு கேக், அதற்குமேல் இல்லை. மாமா எழுந்து அகவலோசை பிசகாமல் ஓதினார். விருந்தினர் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். டச்சுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் அசைக்கு மேசையில் ஒரு குத்து விட்டு, மிச்சத்தை வேகமாக உருட்டிக் காட்டி, திரும்பச் சொல்லச் சொன்னார். மாமா சொன்னார். அப்படியே கேட்க வந்ததையும் கேட்டார். யோசிக்க வேண்டும் என்றார் அவர்.

அதன்பின் மாலைதோறும் வேலியோரம் வந்து நின்று, அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்வார். மாமா சொன்னதும் அந்த அலுவலகத்துப் படிக்கட்டு, தன் மேசை, சன்னலுக்கு வெளியே தெரிந்த கால்வாய் என்று கதைக்கத் தொடங்குவார்.

"பதிலைச் சொல்லாமல் எத்தினை நாளைக்கடா உன்னைப் பாடமாக்க வைக்கிறார்?" என்றார் அம்மா.

"அந்தாள் கேக்க ஆசைப்படுறார் அக்கா. சொல்லிட்டுப் போறன்."

எனக்கோ மாமா மேல் கோபம். இத்தனை மறுதேர்விலும் அவர் தேறவில்லை என்றும், கால்வாய்க் கதை அதற்கான தண்டனை என்றும் நினைத்திருந்தேன். வெங்காயம் பொதி செய்பவரிடம் அந்தப் பழைய உத்தியோகத்தைப் பற்றி இந்த ஊரில் வேறு யாரும் கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவர் சம்மதம் சொன்னது தைப்பொங்கலுக்கு மறுநாள்.