குமரேசனின் விரதமும் விமானி அறையின் வெயிலும்

காலை ரயிலில் ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் வந்தேன். அங்கிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி. கட்டணம் இரண்டு வெள்ளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். விமானம் ஓட்டும் உரிமமும் வாங்கிவிட்டேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இந்தப் பயணம், என்னோடு பயிற்சி பெற்ற குமரேசனின் அம்மாவைப் பார்க்க. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தனியாகப் பறந்தவன் கடலில் விழுந்து இறந்துபோனான். ரேடியோவில் கூப்பிட்டும் பதிலில்லை. தூங்கியிருக்க வேண்டும் என்றார்கள்.

ஜெட்டியிலிருந்து தண்ணீர்மலைக்கு டாக்ஸி, பதினெட்டு வெள்ளி. என்ன வேலை என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

“பைலட்டா! அப்புறம் ஏன்மா ஃபெர்ரியில வந்த? பறந்து வந்திருக்கலாம்லா!”

சூலியா தெருவைத் தாண்டும்வரை அவரே சிரித்துக்கொண்டு வந்தார்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். மலையடிவாரத்தில் அடுக்குமாடி வீடு. முருகன் கோயிலைப் பார்த்த சன்னல் சாத்தியிருந்தது. நான் உட்காருவதற்குள் குமரேசனின் அம்மா சரஸ்வதி ஆன்ட்டி ஆரம்பித்துவிட்டார்.

“அவன் பைலட்டானா காவடி எடுப்பான்னு நாந்தான் வேண்டிக்கிட்டேன். அந்த விரதத்துக்காக ஒரு வேளைதான் சாப்பிட்டான். பசி மயக்கத்துலதானே தூங்கினான்? நாந்தானே கொன்னுட்டேன்?”

“பசியும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் ஆன்ட்டி. பசி மட்டும் இல்ல.”

அந்தச் சின்ன விமானத்தில் ஏர்கான் கிடையாது. கண்ணாடி வழியாக வெயில் மடியில் வந்து விழும். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். இஞ்சின் ஒரே சுருதியில் இரையும். இருக்கை அதிர்ந்துகொண்டே இருக்கும். கீழே கடல், மேலே வானம், கண்ணுக்குப் பிடிமானம் ஒன்றுமில்லை. தலை கனப்பது நமக்கே தெரியாது. இதையெல்லாம் சொன்னேன்.

“உனக்கு அப்படி வந்திருக்கா?”

“வந்திருக்கு. அதே விமானத்துல. பக்கத்துல பயிற்சி குடுக்குற சார் இருந்தாரு, தோளத் தட்டி எழுப்புனாரு. அன்னிக்கு நான் நாசி லெமாக் சோறு, ரெண்டு முட்டை, எல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் போனேன்.”

அவர் சாத்தியிருந்த சன்னலைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் யாரத்தான் திட்றது? வெயிலையா?” என்றார்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை ஃபெர்ரியில் திரும்பும்போதுதான் புரிந்தது: அந்தப் பழி ஒன்றுதான் அவர் கையில் மிச்சமிருந்தது. அதையும் நான் பாதி பிடுங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் என் அம்மாவும் செவ்வாய்தோறும் பட்டினி கிடக்கிறாள், நான் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்று. அதை விட்டுவிடச் சொல்வதாகக் காலை ரயிலில் முடிவு செய்திருந்தேன். அன்று செவ்வாய்; வீட்டுக்குப் போனபோது வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். விட்டுவிடச் சொல்லவில்லை.