அச்சுவேலிக் கிணற்றில் கழற்றிய மீற்றர்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறக்க ஒன்றேகால் மணி நேரம்தான். பெருங்களத்தூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர, அன்றைய மழையில் அதைவிட அதிக நேரம் பிடித்தது. என் கையில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது, மற்றபடி காலி. பலாலிச் சுங்கத்தில் ஒரு அதிகாரி அதைத் திறந்து, கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லையே?"

"திரும்பிப் போறப்ப இருக்கும் சார்."

"எல்லாரும் சாமான் கொண்டு வருவினம். நீங்கள் வெறும் பெட்டியோடை வந்திருக்கிறியள்," என்று சிரித்துவிட்டு அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வெளிநாட்டு நிதியத்தின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் ஊர் மக்களும் கூடிச் செய்யும் ஆய்வுகளுக்குப் பணம் தருவது எங்கள் வேலை. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் ஏன் சவராகின்றன, அதாவது ஏன் உப்பேறுகின்றன என்று பார்க்க மூன்று வருட ஆய்வு ஒன்றுக்கு அப்படிப் பணம் ஒதுக்கினோம். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் விரிவுரையாளர், கொழும்பில் மோட்டர் செய்யும் ஒரு கம்பெனி, அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்று கூட்டு. பாதி வழியில் எங்கள் நிதியத்துக்குப் பணம் தரும் நாட்டு அரசாங்கம் வெளிநாட்டு ஆய்வுக்கான பணத்தை வெட்டியது. முதலில் கம்பெனி கழன்றுகொண்டது. கடைசியில் மிஞ்சிய வேலை, உப்பை அளக்கக் கிணற்றில் இறக்கியிருந்த கருவியை எடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவது. பந்தல் போட்டவனையே பிரிக்கவும் அனுப்புவார்கள் அல்லவா, அப்படி என்னை அனுப்பினார்கள்.

விமான நிலையத்திலிருந்து அச்சுவேலி பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய். வளலாய் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் செம்மண், வாழை, வெங்காயப் பாத்திகள். மண்ணைப் பார்த்தால் எதை நட்டாலும் முளைக்கும் போலிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "குடிக்கிறதுக்குக் கடையிலை போத்தல் வாங்குங்கோ சேர்," என்றார். "எங்கடை வீட்டுக் கிணறும் சவராப் போச்சு. தேத்தண்ணி போட்டால் பால் திரையுது." கிணற்று வேலையாகத்தான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு விரிவுரையாளர் நிர்மலா தன் பழைய காரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நேரே கிணற்றுக்குப் போகாமல் என்னைக் கீரிமலைக்கு அழைத்துப்போனார். கடல் அலை அடிக்கும் இடத்துக்கு ஒட்டியே கேணி, அதில் நல்ல தண்ணீர். இறந்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு முடித்த ஒரு குடும்பம் ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்திருந்தது. நிர்மலா ஓரமாகக் குனிந்து ஒரு சிறிய போத்தலில் தண்ணீர் பிடித்தார்.

"மழைத்தண்ணிதான் சேர். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வந்து இஞ்சை வெளிக்கிடுது. எங்கடை நல்ல தண்ணி, கடல் தண்ணிக்கு மேலை மிதக்குது. ஓய்வில்லாமல் இறைச்சால் கீழையிருந்து சவர் ஏறும். விட்டு விட்டு இறைச்சால் ஏறாது. இதைக் காட்டத்தானே இவ்வளவு பாடும்."

"பணம்தான் நின்னு போச்சே, இன்னும் எதுக்குத் தண்ணி எடுக்கிறீங்க?"

"இந்த மாசம் எடுக்காட்டில் அட்டவணையிலை அந்த இடம் வெறுமையாக் கிடக்கும். எனக்கு அதைப் பார்க்க ஏலாது," என்றார். போத்தலில் தேதி எழுதிப் பையில் வைத்தார்.

திரும்பும் வழியில் கருவி இருந்த கிணற்றின் கதையைச் சொன்னார். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குக் காணி சீதனமாகக் கொடுத்தால், கிணற்றிலும் பங்கு எழுதிக் கொடுப்பார்கள். அப்படி, தோட்டக்காரர் கனகரத்தினத்தின் தங்கை பரமேஸ்வரிக்குப் பாதிக் கிணறு வந்தது. பரமேஸ்வரியின் கணவர் தவராசாவும் கனகரத்தினமும் வேலிச் சண்டையில் முகம் முறித்துக்கொண்டவர்கள். பல வருடமாகப் பேச்சில்லை. கிணறு ஒன்று, மோட்டர் இரண்டு. மற்றவன் அள்ளிவிடுவானோ என்று இருவரும் போட்டிக்கு இறைத்ததில்தான் சவர் ஏறத் தொடங்கியது. இது தெரியாமல், சரிபாதிப் பங்கு அளப்பதற்கு வசதி என்று நிர்மலா அந்தக் கிணற்றையே தேர்ந்தெடுத்துவிட்டார்.

"முதல் கூட்டத்திலை ரெண்டு பேரும் கதிரையைத் திருப்பிப்போட்டு முதுகு காட்டிக்கொண்டு இருந்தவை சேர். எனக்கு அழுகை வந்திட்டுது."

கருவி சரியாக அளக்க வேண்டுமானால் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கிணறு அசையாமல் இருக்க வேண்டும். மச்சான் சொல்லி மச்சான் கேட்பானா? ஆனால் கருவி கேட்டபோது இருவரும் சம்மதித்தார்கள். மீற்றர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மீற்றரிடம் பேசவும் தொடங்கினார்கள். மீற்றருக்குச் சொல்லுங்கோ, நாளைக்கு விடிய நான் இறைக்க வேணும் என்று கனகரத்தினம் கிணற்றைப் பார்த்துச் சொல்வாராம். மீற்றருக்கு ஆட்சேபணை இல்லையாம் என்று தவராசா வாழையைப் பார்த்துச் சொல்வாராம். கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அப்போதுதான். தினமும் அந்த மூன்று மணி நேர ஓய்வு கிடைத்ததில், ஒரு வருடத்தில் தண்ணீர் குடிக்கிற பதத்துக்கு வந்திருந்தது.

வழியில் வேறு கிணறுகளிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு நாங்கள் போனபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பரமேஸ்வரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "வாங்கோ தம்பி, இருங்கோ," என்று தேத்தண்ணி கொடுத்தார். "எங்கடை கிணத்துத் தண்ணிதான். குடிச்சுப் பாருங்கோ." உப்புக் கரிக்கவில்லை.

கிணற்றின் ஒரு பக்கம் கனகரத்தினம், மறு பக்கம் தவராசா. பணம் நின்றுபோனதை நிர்மலா எடுத்துச் சொன்னார்.

"மீற்றருக்கு இனி இஞ்சை சாப்பாடு இல்லையாமோ?" என்றார் கனகரத்தினம், கிணற்றுக் கட்டைப் பார்த்து.

"வெளிநாட்டிலை படியளக்கிறவை கையை விரிச்சிட்டினமாம்," என்றார் தவராசா, வாழையைப் பார்த்து.

நான் கிணற்றுச் சுவரோடு கட்டியிருந்த குழாய்க்குள் கைவிட்டு, கருவி தொங்கிய கம்பியை இழுத்தேன். கைவிளக்கு அளவுதான் கருவி. பரமேஸ்வரி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உதை விட்டிட்டுப் போக ஏலாதோ தம்பி? வேலை செய்யாட்டிலும் காரியமில்லை."

"அது அவங்க சொத்தும்மா. திருப்பி அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"அண்ணைக்கு இவர் விட்டுக்குடுக்க மாட்டார். இவருக்கு அண்ணை விட்டுக்குடுக்க மாட்டார். மீற்றருக்குத்தான் ரெண்டு பேரும் விட்டுக்குடுத்தவை. அப்ப உந்தக் குழாயையாவது விடுங்கோ."

"குழாயை எடுக்கலைம்மா. அது இங்கேயே இருக்கட்டும்."

அவர் குழாயையும் பார்த்தார், என் கையில் சொட்டிக்கொண்டிருந்த கருவியையும் பார்த்தார். "உள்ளுக்கை ஒண்டுமில்லையெண்டு அவைக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் அறிக்கைகளில் பல்கலைக்கழகம், தொழில், சமூகம் என்று மூன்று வட்டம் போட்டு, அவை ஒன்றுகூடும் நடுவில் ஒரு நிறம் தீட்டுவோம். அந்த நிறம் இந்தக் கிணற்றடியில் ஒரு வருடம் இருந்தது. அதைக் கழற்றிப் பஞ்சில் வைத்து மூடியவன் நான். வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

மூன்று மணி ஆனது. கனகரத்தினம் எழுந்து வழக்கம்போல் கிணற்றுப் பக்கம் திரும்பி, "மீற்றருக்கு..." என்று தொடங்கினார். பிறகு வாயை மூடிக்கொண்டார். தவராசா வாழையைப் பார்த்தபடி நின்றார். தோளில் கிடந்த துவாயை உதறிக்கொண்டு கனகரத்தினம் தன் வீட்டுக்கு நடந்தார்.

வியாழக்கிழமை விமானம். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு உப்பாகிப் பல வருடம் ஆகிறது. லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அதற்காக அங்கே யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. யாரும் யாரோடும் பேசியதும் இல்லை. அச்சுவேலிக்குப் போய்வரும் வரை அது எனக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை.

கருவியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது பழைய மாதிரியாம், அனுப்பும் செலவு அதன் விலையைவிட அதிகமாம். தங்களுக்கு வேண்டாம், உங்கள் வசதிப்படி அப்புறப்படுத்திவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு சந்தோஷம் வந்தது. உடனே நிர்மலாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மீட்டர் நம்மளுக்கே. அடுத்த விமானத்தில என் செலவில நானே கொண்டு வர்றேன். பரமேஸ்வரியம்மாகிட்ட சொல்லிடுங்க."



"பரமேசக்கா இப்ப தமையன் வீட்டுப் பக்கம் போறேல்லை சேர். ரெண்டு மோட்டரும் மத்தியானத்திலையும் ஓடுது. தண்ணி வாயிலை வைக்க ஏலாது, வெங்காயத் தாள் நுனி கருகுது."

"அதான் சொல்றேன், திரும்ப இறக்கிட்டா சரியாயிடுமே?"

"கொண்டு வாறதெண்டால் கொண்டு வாங்கோ சேர்," என்றார். "ஆனா அது கழட்டினால் கழண்டு போற சாமான் எண்டு அவை ரெண்டு பேரும் கண்டிட்டினம்."