பழம் நறுக்கிய கை

எங்கள் ஆஸ்பத்திரி சமையலறையில் பழம் நறுக்கும் அக்காவுக்குச் 'சுத்தபத்தம்' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். பதினோரு வருடமாக நான் அடுப்படியில், அவள் பழ மேஜையில். என் கரண்டிக் காம்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஊரையே கூட்டிவிடுவாள். இடுப்பில் எந்நேரமும் சானிடைசர் பாட்டில் தொங்கும். ஒரு பழத்தை நறுக்கி முடித்ததும் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். நெடி மூக்கில் ஏறினால்தான் கிருமி செத்ததாக அர்த்தம். சோப்பும் தண்ணீரும் பாத்திரத்துக்கு, கைக்கு இதுதான் என்பாள். நாங்களும் தலையாட்டினோம். கூறுகெட்ட கூட்டம்.

போன திங்கட்கிழமை தலைவலி என்று லீவு சொன்னாள். மறுநாளே வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. கேட்டதற்கு, மகளுக்கு உடம்பு சரியில்லை, தூக்கம் இல்லை என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டயட்டீஷியன் அம்மா இறங்கி வந்தார். வழக்கமாக உப்பைக் குறை என்று சொல்லத்தான் வருவார். அன்று வாசலிலேயே நின்றார்.

"நேத்துலேர்ந்து அஞ்சாவது மாடில நாலு பேருக்கு வாந்தி, பேதி. சாப்பாட்டு வழியா வந்திருக்கும்னு டாக்டர் சந்தேகப்படுறாரு. இந்த வாரம் இங்க யாருக்காவது வயிறு கெட்டுப்போச்சா?"

எல்லோரும் பாத்திரம் கழுவுபவரைப் பார்த்தோம். அழுக்குச் சட்டைக்காரர், பழி போட வசதியான ஆள்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர்.

அக்கா குனிந்த தலை நிமிராமல் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது வைரஸா இருக்கும்னு சொல்றாங்க," என்றார் டயட்டீஷியன். "சானிடைசருக்கெல்லாம் இது அசையாது. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணில நல்லா தேய்ச்சுக் கழுவினாத்தான் போகும். வாந்தி நின்னாலும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் சமையல் வேலைக்கு வரணும். அப்புறமும் கொஞ்ச நாள் கிருமி உடம்புல இருக்கும்."

அக்காவின் கத்தி பாதி பப்பாளியில் நின்றுவிட்டது.

"குழந்தைங்க வார்டுக்குப் பழ வண்டி போயிடுச்சா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அப்பவே போயிடுச்சேக்கா. வியாழக்கிழமைதானே அவங்களுக்குப் பழம் போற நாள்."

"ஐயோ" என்று கத்தியபடி ஓடினாள். எனக்கு ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினேன். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை. மூன்று மாடி படியேறும்போது மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாந்தி. துடைத்துக் கழுவிவிட்ட அவளுக்குத் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்கூட இரண்டு தடவை.

"ஏன்க்கா சொல்லல?"

"சுத்தபத்தத்துக்கே வயிறு புட்டுக்கிச்சுன்னு நீ சிரிச்சே கொல்லுவியேடா."

சிரித்துத்தான் இருப்பேன். ஒரு வாரத்துக்கு விட்டிருக்க மாட்டேன்.

வார்டில் ஆறு கட்டில். ஆறு கிண்ணம் பழம். வண்டிக்காரர் சற்று முன்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சிறுமி ஸ்பூனில் பப்பாளியை அள்ளி வாய்வரை கொண்டுபோய்விட்டாள். அக்கா அதைப் பிடுங்கினாள். பிள்ளை வீறிட்டது. நான் மற்ற கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். நல்லவேளையாக எதிலும் யாரும் கை வைக்கவில்லை. ஐந்து ஆயிற்று.

ஆறாவது கிண்ணம் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது. ஐந்தாறு வயதுப் பையன். வயிற்றில் பெரிய கட்டு. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சாறு மட்டும்தான் மிச்சம்.

"தையல் போட்ட வயிறுடா," என்று அக்கா என் காதருகே முனகினாள். "வாந்தி எடுத்தா..." உள்ளே தையலும் சதையும் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க? எதுக்கு எல்லாத்தையும் எடுக்குறீங்க?" என்று பையனின் அம்மா எழுந்து வந்தார்.

"நான்தாம்மா இந்தப் பழத்தை நறுக்கினேன்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

அந்த அம்மா முடிக்க விடவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா? ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளா எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டான். இன்னைக்குத்தான் ஒரு துண்டு விடாம சாப்பிட்டிருக்கான். உங்க கை நல்லா இருக்கணும்."

அக்கா கைகளை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"முதல்ல போய் சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்கம்மா," என்றாள். "அப்படியே நர்ஸைக் கூட்டிட்டு வாங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்."