சிக்னல் கல்லில் கேட்ட செயற்கைக்கோள்

“உங்கள் பதிவில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வேறொருவரின் பதிவிலிருந்து வெட்டி எடுத்ததுபோல் தெரிகிறது. ஏற்க இயலாது.”

மின்னஞ்சல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. எனக்குக் கோபம் தமிழில்தான் வந்தது.

எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் அது. கடையில் வாங்கும் ஓர் இறாத்தல் பாண் ரொட்டியைவிடப் பெரிதில்லை. சூரிய ஒத்தியங்கு சுற்றுப்பாதையில் போகிறது. அதாவது, எந்த ஊரைக் கடந்தாலும் அந்த ஊர்க் கடிகாரத்தில் ஏறக்குறைய அதே பொழுதில் கடக்கும். எங்களுக்கு அது முற்பகல். ஒருநாள் ஒன்பதரை, ஒருநாள் பத்தரை. வீடுகளில் ஆள் இருக்காது, எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில். போகிற போக்கில் அது ரேடியோ அலையில் விட்டுவிட்டுக் கூவும். உலகத்தில் யார் கேட்டாலும் பதிந்து அனுப்பலாம். சரிபார்த்து அவர்களுடைய வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள்.

அந்த வரைபடத்தில் எங்கள் மலைநாடு வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாது. தச்சரின் அளவு நாடாவை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் கட்டி ஏரியல் செய்தேன். கட்டைவிரல் அளவு ரிசீவர் ஒன்றைப் போனில் செருகினேன். மூன்று நாள் கேட்டேன், மூன்றையும் அனுப்பினேன். மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதில்.

வேலை முடிந்து வந்த அம்மா கூடையை இறக்கிக்கொண்டே கேட்டார்.

“என்னா புள்ள, மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

“திருடிட்டேன்னு சொல்றாங்க.”

“எதை?”

“சத்தத்தை.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெறகு திருடுனா தெரியும். சத்தத்தை எப்புடிடி திருடுறது? சரி, எங்க நின்னு கேட்ட?”

“சிக்னல் கல்லுல.”

எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் இருக்கும் பாறை அது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசன் ஒரு குழிக்குள் கிடப்பதால், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளோடு பேச வேண்டுமென்றால் அந்தக் கல்லில் ஏறி, வடகிழக்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கைப் பார்த்து நிற்க வேண்டும்.

“அங்க ஒரு அடி தள்ளுனா போனே செத்துரும்,” என்றார் அம்மா. “அது அவங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. எப்படித் தெரியும்? கடற்கரையில் நிற்கிறவருக்குப் பத்து நிமிடம் கேட்கும். எங்களுக்கு அடிவானம் என்று ஒன்று கிடையாது, மலைமுகடுதான். செயற்கைக்கோள் அதைத் தாண்டி எழும்பும்போது அந்தக் கூவல் பாதியில் தொடங்கும், எதிர்ப்பக்கம் இறங்கும்போது பாதியில் நிற்கும். வெட்டியது நானில்லை, மலை. அதை நிரூபித்தே தீருவதென்று முடிவு செய்தேன்.

பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, முகட்டின் உயரத்தை ஐந்து பாகைக்கு ஒருதரம் சுற்றி அளந்தேன். அன்று மழை என்பதால் வீட்டு வாசலில் நின்றே அளந்துவிட்டேன். செயற்கைக்கோளின் பாதையை அந்த அளவுகளோடு வைத்துப் போட்ட கணக்கும் செவிக்குக் கேட்டதும் ஒட்டவேயில்லை. வாசலுக்கும் கல்லுக்கும் நாற்பது அடி. அதற்குள் மலை உயர்ந்து தாழ்கிறது. இந்த முட்டாள்தனத்துக்கு ஒருநாள் போனது. மறுநாள் கல்லில் நின்றே அளந்தேன்.

பிறகு அவர்களுக்கு எழுதினேன். “நாளை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, மலையிடுக்கு வழியாக இருபத்தைந்து நொடி கேட்கும். பிறகு எழுபது நொடி கேட்காது. மறுபடி மலைக்கு மேலே வரும். இதை யாருடைய பதிவிலிருந்து வெட்டப் போகிறேன் என்று இன்றே தேடி வையுங்கள்.” அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. பொய்த்துப் போனால் கள்ளி என்ற பெயர் நிலைத்துவிடும்.

மறுநாள் பத்து மணி தாண்டி நான் கல்லில் ஏரியலோடு நிற்கும்போது, எங்கள் டிவிசன் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

“என்ன இது?”

“ஏரியல் ஐயா.”

“யார்கிட்ட கேட்டு தோட்டத்துல இதெல்லாம் செய்ற? இறக்கு.”

“இறக்க மாட்டேன் ஐயா. ரெண்டு நிமிஷத்துல வந்துரும்.”

“எது வரும்?”

“செட்டலைட்.”

“என்னமோ பெரிய தொரை வர்ற மாதிரி சொல்ற.”

“போன் பேச எல்லாரும் ஏறி நிக்கிற கல்லுதானே ஐயா. அப்பல்லாம் யாரும் கேக்கல.”

“ஒனக்கு வாய் நீளம்,” என்றார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் உறுமலும் ரிசீவரில் கரகரவென்று விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“இஞ்சினை நிப்பாட்டுங்க ஐயா. கேக்காது.”

தோட்டத்தில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த அதிர்ச்சியில்தானோ என்னவோ, சாவியைத் திருப்பிவிட்டார்.

இடுக்கைப் பார்த்து ஏரியலைப் பிடித்தேன். சொன்ன நேரத்துக்குக் கீச்சென்று வந்தது. விட்டுவிட்டு ஐந்தாறு தரம். நின்றது.

“நின்னுருச்சே,” என்றார் அவர்.

“மலைக்குப் பின்னால போகுது ஐயா. எழுபது செக்கன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏரியலை முகட்டுக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். மறுபடி கீச்சிட்டது.

“எழுபத்திரெண்டு,” என்றார், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பிந்தி வந்த ஆளைப் பிடித்தவர்போல. “ரெண்டு செக்கன் லேட்டு.” வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஏரியலை மறுபடி இறக்கச் சொல்ல மறந்துவிட்டாரா, மறந்ததாக வைத்துக்கொண்டாரா தெரியாது.

பதிவையும் முகட்டின் அளவுகளையும் அங்கே நின்றபடியே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பழைய மூன்றையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற சொல் இல்லை. வரைபடத்தில் புள்ளிக்கு ‘ஹட்டன்’ என்று பெயர் போடுவதாகவும், பட்டியலில் உள்ள கிட்டிய நகரம் அதுதான் என்றும் எழுதியிருந்தார்கள்.

கல்லில் ஏறி நின்று பதில் தட்டினேன். “ஹட்டனில் இந்த மலை இல்லை. அங்கே நின்றால் இந்த எழுபத்திரண்டு நொடி மௌனம் யாருக்கும் கிடைக்காது. பட்டியலில் எங்கள் ஊர் இல்லாவிட்டால் பட்டியலைத் திருத்துங்கள்.” அதன் கீழே தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், லயத்தின் நம்பர், மூன்றையும் எழுத்து எழுத்தாக எழுதினேன்.