கட்சால் அக்காவின் பல் அச்சு

திருகாணியைக் கடைசிச் சுற்று முடுக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். என் கையிலிருந்த பல் அச்சுக்குள் புதைந்திருந்த உலோகக் குழாய் தலைமுடி அளவு திரும்பியது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

போர்ட் பிளேயரில் ஒரு பல் கிளினிக்கில் நான் உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. அன்று அச்சுக் கொடுத்தவர் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா. கீழ்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. கழற்றி மாட்டும் பல்செட்டு பேச்சுக்கு நடுவே எகிறி வந்துவிடும். மகள் கல்யாணத்துக்குள் நிலையான பல் வேண்டுமென்று தாடை எலும்பில் செயற்கை வேராக நான்கு இம்பிளாண்ட் பதித்துக்கொண்டிருந்தார். அவற்றின் மேல் சின்னக் குழாய்களைத் திருகி, ஒன்றோடொன்று பிசினால் பிணைத்து, அதன்மேல் அச்செடுப்போம். அச்சு இறுகியதும் குழாய்கள் அதோடு வந்துவிடும். அவற்றில் இம்பிளாண்டின் நகலைத் திருகி மாட்டுவது என் வேலை. அதில் ஜிப்சம் ஊற்றி வார்க்கும் மாடலை வைத்துத்தான் சென்னை லேபில் பல் செய்வார்கள். சொந்தப் பல் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், இம்பிளாண்ட் இம்மியும் கொடுக்காது. அச்சு பிசகினால் பல் உட்காராது. பலவந்தமாக முடுக்கினால் திருகு உடையும், இம்பிளாண்டே கெட்டுப்போகலாம்.

அன்று நான் கேட்டது பிசின் விரிசல் விட்ட சத்தம். மறுபடி அச்செடுக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அக்கா வாய் கொப்பளித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பல் நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜஹாஜ் மூணு மணிக்குப் பொறப்பட்டுரும் புள்ள. இத விட்டா அடுத்தது எப்பன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

டாக்டரம்மா அடுத்த அறையிலிருந்து கேட்டார்: "எல்லாம் சரியா இருக்கா?"

குழாயைக் கட்டைவிரலால் பழைய இடத்துக்கு அழுத்தினேன். "சரியா இருக்கு டாக்டர்" என்றேன். அக்காவின் கப்பலுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் டாக்டரம்மாவுக்குப் பயந்துதான் சொன்னேன்.

அடுத்த இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீடு இருக்கும் சௌல்தாரியிலிருந்து வரும் பஸ்ஸில் கைப்பிடியைப் பிடிக்கும்போதெல்லாம் விரலில் அந்த அசைவு தட்டுப்படும். கூரியர்காரரின் வண்டிச் சத்தம் கேட்டாலே லேப் பார்சலோ என்று வாசலை எட்டிப் பார்ப்பேன். எப்படியாவது பொருந்திவிட வேண்டுமென்று வேண்டாத தெய்வமில்லை.

பொருந்தவில்லை. அக்கா மறுபடி கப்பலேறி வந்தபோது கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. லேபிலிருந்து வந்த உலோகச் சட்டத்தை வலது கோடியில் முடுக்கினால் இடது கோடி தூக்கியது. டாக்டரம்மா மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார்.

"நாந்தான் அன்னைக்கு வாய ஆட்டிப்புட்டேனோ டாக்டரம்மா? மன்னிச்சுக்கங்க" என்றார் அக்கா.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. லேப்லதான் சொதப்பியிருக்காங்க. அதே மாடல்ல புதுசா செய்யச் சொல்றேன்" என்று டாக்டரம்மா போனை எடுத்தார்.

அதே மாடல் என்றால் அதே பிசகு. அக்கா இன்னொரு தடவை கடல் தாண்டி வந்து, இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்பார். வேலை போய்விடும் என்ற பயத்தோடேதான் வாயைத் திறந்தேன். "லேப் இல்ல டாக்டர். நான்தான்." மீதியை அழுதுகொண்டே சொன்னேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டு, "புது அச்செடுக்க எல்லாம் எடுத்து வை" என்றார். இப்போதெல்லாம் அச்சுக்குப் பதில் எங்களிடம் வாய்க்குள் விட்டுப் படமெடுக்கும் ஸ்கேனர் இருக்கிறது. பல்லே இல்லாத வாயில் அதுவும் சில சமயம் தடுமாறும். சின்னச் சந்தேகம் வந்தாலும் உடனே சொல்லிவிடுகிறேன். பயம் என்னவோ இன்றும் போகவில்லை.

அன்று அக்கா என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஜஹாஜ விட்டிருப்பேனே புள்ள" என்றார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து, மறுபடியும் எனக்காக வாயைத் திறந்தார்.